கூலி மனுஷனான கதை

'கூலி'ன்னா இப்ப நமக்கு ரஜினி படம்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு எபிசோட் அந்தச் சொல்லைப் பத்திதான்.

தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பலன், சம்பளம். வள்ளுவரும் அந்தப் பொருளில்தான் சொல்றார். ஆனா ஆங்கிலத்தில் 'கூலி'ன்னா காசு இல்ல, ஆள்! குஜராத்தின் கோலி சமூகப் பெயர்தான் வேர்னு ஒரு கருத்தும் உண்டு. நம்ம சொல்லும் அதில் கலந்திருக்குன்னு சொல்வாங்க.

இந்தோனேசிய மொழியில் அது 'குலி'. அங்கேயும் ஆள்தான். 1880-ல் டச்சுக்காரங்க சுமத்ரா தோட்டங்களுக்குக் கூலிச் சட்டமே போட்டாங்க. ஒப்பந்தத்தை மீறி ஓடினா ஜெயில். இன்னைக்கு அங்க 'குலி பங்குனான்'னா கட்டடத் தொழிலாளி. பத்திரிகைக்காரங்களுக்குக் கிண்டலா 'குலி திந்தா', அதாவது மைக்கூலின்னு ஒரு பேரும் இருக்கு.

நீலகிரிக்கு வருவோம். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை தர, 1968-ல் இங்க அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினாங்க. அதுதான் இன்றைய டான்டீ. வெள்ளைக்காரத் துரைமார் 'கூலி லைன்ஸ்'னு சொன்ன மாதிரியான வீடுகளை, அதில் குடியிருக்கறவங்க வெறும் 'லைன் வீடு'ன்னுதான் சொல்றாங்க.

கோத்தகிரியில் கொழுந்து பறிச்சு ஓய்வுபெற்ற ஒரு பாட்டிகிட்ட கேட்டேன்: "சிலோன்லயும் கூலியாத்தான் இருந்தீங்களா?"

"கூலியா இல்ல தம்பி. கூலிக்கு வேலை செஞ்சேன்."

ஒரேயொரு 'க்கு'. மூணு மொழி சுத்தி வந்த சொல், அந்த 'க்கு'வைத்தான் தொலைச்சிருந்தது.