வேட்டைத் துப்பாக்கியின் விமானப் பிரயாணம்

வேட்டைத் துப்பாக்கியும் ஆகாய விமானமும் இருபதாம் நூற்றாண்டில் கூடிப் பழகி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே பெரும்பாலும் பிரிந்தும் விட்டன. இன்று சென்னையிலிருந்து டில்லிக்கு விமானம் ஏறுகின்ற நம்மவர் ஒருவர், காய் நறுக்கும் கத்தியைக்கூடக் கைப்பையில் வைத்துக்கொள்ள இயலாது. ஆயின், கடல் கடந்த நாடுகளின் கனவான்கள் துப்பாக்கிப் பெட்டியும் தோட்டாக்களுமாக நம் விமான நிலையங்களில் வந்திறங்கி, அங்கிருந்து காட்டை நோக்கிச் சென்ற காலமும் ஒன்று இருந்தது. சட்டமே அவர்களுக்கு வழிவிட்டு நின்றது. இம்மாறுதல் எவ்வாறு நேர்ந்தது என்று ஆராயப்புகின், துப்பாக்கியின் கதையோடு, ஒரு நாடு யாரை நம்புகிறது, எதன்பொருட்டு நம்புகிறது என்ற கதையும் உடன் விளங்கும்.

துப்பாக்கி ஏந்தியவனை நோக்கி அரசு மூன்று கேள்விகளைக் காலமுறையே கேட்டு வந்துள்ளது. ‘நீ யார்?’ என்பது முதற் கேள்வி. ‘உன் கையில் இருப்பது என்ன?’ என்பது இரண்டாவது. ‘இதனைக் கொண்டு எதற்குச் செல்கிறாய்?’ என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதற் கேள்வி லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில், 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் எழுந்தது. அச்சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் பெறல் வேண்டும்; ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே காட்டின் ஓரத்தில் ஒரே வகைத் துப்பாக்கியோடு இருவர் நின்றால், ஒருவர் வேட்டையாடும் கனவான். மற்றவர் விசாரணைக்கு உரியவர். அடுத்த ஆண்டாகிய 1879இல், நம் நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென ஒரு சட்டம் பிறந்தது. காப்பாற்றும் நோக்கம் நல்லதே. எனினும் அங்கே காக்கப்பட்டது பெரும்பாலும் துரைமார்களின் வேட்டை இன்பம்தான். தலைமுறை தலைமுறையாக அம்மலைகளில் வேட்டையாடி உண்டவர்களுக்குப் பருவத்தடையும் லைசென்ஸும் வந்து சேர்ந்தன. குடகு நாட்டுக் கொடவர் போன்ற சிலருக்கு மட்டும் லைசென்ஸ் இன்றியே துப்பாக்கி வைத்துக்கொள்ளும் விலக்கு கிடைத்தது.

இன வேறுபாடு பின்னர் விதிகளில் தளர்ந்தது உண்மை. ஆயினும் அதன் வடு ஆறவில்லை. 1931ஆம் ஆண்டின் கராச்சி காங்கிரஸ், குடிமக்களின் அடிப்படை உரிமைகளை வகுத்தபொழுது, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. விடுதலைக்குப் பின், 1959இல் இயற்றப்பெற்று 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டம், 1878ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கியது.

இதற்கிடையில் ஆகாய மார்க்கம் திறந்துவிட்டது. 1929 மார்ச்சில் லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே விமானப் போக்குவரத்து தொடங்கிற்று. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் பைகளுடன் ஒரு சிறு விமானத்தைப் பம்பாய்க்கு ஓட்டி வந்தார்; அத்தபால் அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வந்து சேர்ந்தது. 1948 ஜூன் 8 அன்று ‘மலபார் பிரின்சஸ்’ என்னும் ஏர் இந்தியா விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. 1960இல் ஜெட் விமானங்களும் அந்நிறுவனத்துக்கு வந்துவிட்டன. கப்பலில் வாரக்கணக்காகப் பயணம் செய்து வேட்டைக்கு வரவேண்டுமாயின், நெடுநாள் ஓய்வுடைய பிரபுக்களாலேயே இயலும். விமானம் வந்தபின், ஒரு மாத விடுமுறை பெற்ற அமெரிக்க வணிகரும் தம் துப்பாக்கியோடு மத்தியப் பிரதேசத்துக் காட்டை அடைய முடிந்தது.

1959ஆம் ஆண்டின் சட்டம் இத்தகையவர்களை மனத்திற் கொண்டே எழுதப்பட்டது என்பதற்கு அதன் பத்தாம் பிரிவு சான்று. நிலம், நீர், ஆகாயம் என்ற எவ்வழியாகவும் லைசென்ஸ் இன்றி ஆயுதம் கொண்டுவரலாகாது என்று அப்பிரிவு முதலில் விதிக்கின்றது. பின்னர், மத்திய சர்க்கார் அறிவிக்கும் நாடுகளைச் சேர்ந்த மெய்யான சுற்றுலாப் பயணி, விளையாட்டின் பொருட்டு மட்டும், நியாயமான அளவில் துப்பாக்கியும் தோட்டாவும் லைசென்ஸ் இன்றிக் கொண்டுவரலாம் என்று விலக்கும் கூறுகின்றது. ஆறு மாதத்துக்கு மேற்படாமல் தங்குபவரே சுற்றுலாப் பயணி எனவும் அது விளக்குகின்றது. சட்ட வாசகங்களைத் தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு இங்கு ‘விளையாட்டு’ என்ற சொல் சற்றே உறுத்தும். ஆங்கிலச் சொல்லில் வேட்டையும் அடங்கிவிடுகிறது; தமிழிலோ வேட்டையை விளையாட்டு என்று எழுத எழுதுகோல் தயங்குகிறது.

அக்காலத்தில் வெளிநாட்டுச் செலாவணி நமக்கு மிகவும் தேவையாய் இருந்தது. வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்குக் கூடாரம், வழிகாட்டி, ஜீப் வண்டி எல்லாம் ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்கள் தோன்றின. வன இலாகாக்கள் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கட்டணம் பெற்று, வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வழங்கின. 1961 ஜனவரியில் எலிசபெத் அரசியாரும் அவர்தம் கணவரும் இந்தியாவுக்கு வந்தபொழுது, ஜெய்ப்பூர் மகாராஜா அவர்களுக்காகப் புலி வேட்டை நடத்தினார். இதற்கு வெளிநாடுகளில் கண்டனக் குரல் எழுந்தது. மாறுதலின் அறிகுறி அது.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். விமானத்தில் ஆயுதமும் வெடிப்பொருளும் ஏற்றுவதற்குக் கட்டுப்பாடு, விமானப் போக்குவரத்தின் தொடக்க காலத்திலிருந்தே உண்டு. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, ஒரு நாட்டின் வானெல்லைக்குள் அந்நாட்டின் அனுமதியின்றிப் போர்த் தளவாடங்களைக் கொண்டுசெல்லலாகாது என்று வரையறுத்தது. ஆனால் பயணியின் கைப்பையைத் திறந்து பார்ப்பார் அக்காலத்தில் இலர். விதி இருந்தது, சோதனை இல்லை. பயணி தாமே முன்வந்து சொன்னால் உண்டு, இல்லையேல் இல்லை. விமானப் பயணம் செல்வருக்கும் அதிகாரிகளுக்கும் உரியதாய் இருந்தவரை, கனவானின் சொல்லே காவலாய் இருந்தது.

அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் வேட்டைக்காரர்கள் அல்லர்; விமானக் கடத்தல்காரர்கள். 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட ‘கங்கா’ என்னும் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை இரு இளைஞர்கள் லாகூருக்குக் கடத்திச் சென்றனர். அவர்கள் கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கியும் போலிக் கையெறி குண்டுமே. பயணிகள் விடுவிக்கப்பட்டனர், விமானம் சில நாட்களில் தீக்கிரையாயிற்று. இந்தியா தன் வானெல்லையைப் பாகிஸ்தானிய விமானங்களுக்கு மூடிவிட்டது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குச் செல்ல வேண்டிய விமானங்கள், தென் கோடியைச் சுற்றி இலங்கை வழியாகப் பறக்க நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் நிகழ்ந்த போரில் இந்த நெடுவழி பாகிஸ்தானுக்குப் பெரும் இடையூறாய் முடிந்தது. ஒரு பொம்மைத் துப்பாக்கி ஒரு துணைக்கண்டத்தின் வான்வழியையே மாற்றிவிட்டது என்றால் மிகையாகாது.

பொம்மையே இத்தனை செய்யுமாயின், இனி யாருடைய வாய்மொழியை நம்புவது? அமெரிக்காவில் 1973 ஜனவரி முதல் பயணிகள் அனைவரையும் சோதிக்கும் முறை வந்தது. நம் நாட்டில் 1976 செப்டம்பர் 10 அன்று மற்றுமொரு விமானம் கடத்தப்பட்டது. அதன்பின் அமைக்கப்பெற்ற குழுவின் பரிந்துரைப்படி, 1978 ஜனவரியில் விமானப் பாதுகாப்புக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. 1985 ஜூனில் ‘கனிஷ்கா’ விமானம் பெட்டிக்குள் மறைந்திருந்த வெடிகுண்டால் கடலில் சிதறி 329 பேர் மாண்டனர். கைப்பையைப் போலவே பெட்டியையும் நம்பலாகாது என்பது அப்பொழுது தெளிவாயிற்று. 1987 ஏப்ரல் 1 அன்று அப்பாதுகாப்புப் பிரிவு தனி இலாகாவாக உயர்ந்தது.

இவ்வனுபவங்களின் பயனாகவே, துப்பாக்கியை அதன் உடையவரிடமிருந்து பிரிக்கும் முறை உறுதிப்பட்டது. துப்பாக்கி தோட்டா நீக்கப்பட்டு, பூட்டிய பெட்டியில், விமானத்தின் அடித்தளத்துச் சரக்கறைக்குச் செல்கிறது. உடையவர் மேலே தம் இருக்கையில் அமர்கிறார். தோட்டாக்கள் அவற்றுக்குரிய உறையில் தனியே கட்டப்படல் வேண்டும். உலக விமான நிறுவனங்களின் பொது விதிப்படி ஒருவருக்கு 5 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. செம்மையாகக் கட்டிய தோட்டா தவறித் தீப்பற்றினும் அதன் வேகம் கட்டுக்குள்ளேயே அடங்கும் என்பதே இவ்வனுமதிக்குக் காரணம். தோட்டாவும் துப்பாக்கியும் மனிதனும் ஒரே விமானத்திற் செல்லலாம். மூன்றும் ஓரிடத்திற் கூடலாகாது. இதுவே அம்முறையின் சாரம்.

மூன்றாம் கேள்வியைக் கேட்டது காடு. 1969 நவம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மாநாடு புது டில்லியில் கூடிற்று. புலி இனம் அழியும் நிலையில் உள்ளது என்ற எச்சரிக்கை அங்கு எழுந்தது. 1970இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் எண்ணப்பட்ட புலிகள் 1,827 மட்டுமே. அவ்வாண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் காப்புத் திட்டம் தொடங்கிற்று. 1972ஆம் ஆண்டின் சட்டம் சிலவகை விலங்குகளை லைசென்ஸ் பெற்று வேட்டையாட இன்னும் இடம் வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் அக்கதவையும் அடைத்தது. மனித உயிருக்கோ பயிருக்கோ கேடு விளையும்பொழுது அதிகாரிகள் அனுமதிக்கும் சில நேர்வுகளைத் தவிர, இந்தியாவில் வேட்டை என்பது முடிவுற்றது. 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு, புலிகள் ஏறத்தாழ 3,682 என மதிப்பிட்டது.

இங்கு ஒரு செய்தியை மறத்தல் ஆகாது. காட்டின் கதவு மூடியபொழுது, டாலர் கொடுத்து வந்தவருக்கும், விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த மலைவாசிக்கும் அது ஒருங்கே மூடிற்று. முன்னவர் வேறு நாட்டுக்கு விமானம் ஏறினார். பின்னவருக்குச் செல்ல வேறு காடு இல்லை. நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும் அச்சட்டம் வேட்டை உரிமையை விட்டுவைத்தது. புலி பிழைத்தமைக்கு நாம் மகிழ்வது நியாயமே. அதன் விலையில் ஒரு பகுதியை யார் செலுத்தினர் என்பதையும் மகிழ்ச்சியோடு நினைத்தல் வேண்டும்.

இவ்வாறு, வெளிநாட்டு வேட்டைக்காரரை வரவேற்ற சட்டப் பிரிவின் பின்னே, வேட்டைக்குரிய காடு இல்லாது போயிற்று. இன்று நம் விமானங்களில் துப்பாக்கி செல்லவில்லையோ எனின், செல்கிறது. பெரும்பாலும் குறி பார்த்துச் சுடும் போட்டியாளரோடு செல்கிறது. புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கில் இரட்டைக் குழல் துப்பாக்கிப் போட்டியிற் கலந்துகொண்டார். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் அப்போட்டியில், ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களே இலக்காய் இருந்தன. கடலூரிற் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் உலகக் கோப்பைப் போட்டியில் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் இது பெருமை தரும் செய்தி. விளையாட்டு என்ற சொல் இப்பொழுது எழுதுகோலை உறுத்துவதில்லை.

நம்மவருள் சிலருக்குப் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஊரில் இருக்கலாம். அது பரம்பரைச் சொத்து ஆயினும், லைசென்ஸ் பரம்பரையாக வருவதன்று. உரியவர் தம் பெயரில் பெறல் வேண்டும். லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டு எல்லைக்குள் செல்லத்தக்கது நாகபுரியில் செல்லும் என்று எண்ணிப் புறப்படுதல் தகாது. விமான நிலையத்தில் முன்னதாகவே அறிவித்து, மூலச் சீட்டைக் காட்டி, எழுத்து மூலம் ஒப்படைப்பதே முறை.

1947இல், இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கோரியா சமஸ்தானத்தில் மூன்று சிவிங்கிப்புலிகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அவையே நம் நாட்டின் கடைசிச் சிவிங்கிகள் எனக் கருதப்படுகின்றன. 1952இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 17 அன்று, ஆப்பிரிக்காவின் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் ஒரு தனி விமானத்தில் குவாலியரில் வந்திறங்கின. வேட்டைக்காரரையும் அவர் துப்பாக்கியையும் சுமந்து வந்த வான்வழியே, வேட்டையால் இழந்ததையும் சுமந்து வந்தது. பாதுகாப்பு வரிசையில் நிற்கும்பொழுது நமக்குச் சலிப்புத் தோன்றுவது இயல்பு. முன்னாளில் துரைக்கு ஒரு வழியும் குடிக்கு ஒரு வழியுமாய் இருந்த நாட்டில், இன்று மிகச் சிலர் நீங்கலாக எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே கேள்விக்கு விடையளிக்கிறோம் என்பதை அவ்வேளையில் எண்ணிப் பார்ப்போமாக.