ஏட்டில் இல்லாத புகை

1978 அக்டோபரில் நாசா செலுத்திய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஓசோனை அளக்க ஒரு கருவி இருந்தது. பூமியிலிருந்து எதிரொளித்து மீளும் சூரிய ஒளியில், புறஊதாக் கதிர்கள் எவ்வளவு விழுங்கப்பட்டுள்ளன என்று பார்ப்பது அதன் வழி. 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தபோது, அங்கே ஓசோன் திடீரெனப் பெருகியதாக அது காட்டியது. உண்மையில் மிதந்தது கந்தக டைஆக்ஸைடு; அதுவும் அதே கதிர்களை விழுங்கும். ஆய்வாளர்கள் அந்தப் பிசகைத் தள்ளிவிடாமல், அதற்குள்ளிருந்தே கந்தகத்தின் அளவைப் பிரித்தெடுத்தார்கள். காற்று மாசை விண்ணிலிருந்து அளக்கும் வரலாற்றில் நாம் பெரிதும் மதிப்பது இந்தப் பிசகைத்தான்.

எரிமலையின் மூச்சைக் கண்ட அக்கண்ணுக்கு ஆலைப் புகை பெரும்பாலும் எட்டவில்லை. 2004இல் ஆரா செயற்கைக்கோளில் சென்ற ஓமி என்ற கருவி, நெதர்லாந்தும் ஃபின்லாந்தும் சேர்ந்து செய்தது, அதைக் கண்டது. அதுவரை எந்த ஆலை எவ்வளவு உமிழ்கிறது என்பதற்குப் பெரும்பாலும் நாடுகள் தாமே எழுதித்தந்த கணக்கையே நாம் நம்பியிருந்தோம். ஓமியின் பல்லாண்டுப் பதிவுகளை அலசி 2016இல் வெளியான ஆய்வு, அக்கணக்குகளில் இடம்பெறாத 39 பெரும் கந்தக ஊற்றுகளைச் சுட்டியது: அனல்மின் நிலையங்கள், உலோக உருக்காலைகள், எண்ணெய் வயல்கள். பல மேற்காசியாவில். மனிதர் உமிழும் கந்தக டைஆக்ஸைடில் ஏறத்தாழ 6 முதல் 12 விழுக்காடு அவற்றிலிருந்து எழுந்துகொண்டிருந்தது.