வாத்துக் குஞ்சுகளை இளைக்க வைக்கும் நாடாப்புழு: மருந்து கொடுத்தும் திரும்ப வருவது ஏன்?

அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கான வாத்துகள் கூட்டமாக மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். உதிர்ந்த நெல், நத்தை, பூச்சி என கிடைப்பதைத் தின்றே வளர்வதால் தீவனச் செலவு குறைவு. ஆனா, அந்த வயல் தண்ணீர்லதான் சிக்கலும் இருக்கு.

நாடாப்புழு என்பது என்ன?

வாத்தின் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு வாழும், ரிப்பன் போல தட்டையான வெள்ளைப் புழு. இதுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. வாத்து செரித்த சத்தைத் தன் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். இதில் பல வகைகள் உண்டு. ‘ஃபிம்ப்ரியேரியா ஃபேசியோலாரிஸ்’ என்ற வகைக்குத் தலை ரொம்பச் சின்னது. அதனால் உடம்பின் முன்பகுதியே மடிப்பு மடிப்பாக விரிந்து குடலைப் பிடித்துக்கொள்கிறது.

உள்ளே எப்படிப் போகுது?

ஒரு வாத்திடமிருந்து இன்னொன்றுக்கு இது நேரடியாகத் தொற்றாது. எச்சத்தோடு தண்ணீரில் விழும் முட்டையை முதலில் சைக்ளோப்ஸ் போன்ற நுண்ணிய நீர்வாழ் உயிரி தின்ன வேண்டும். அதன் உடம்புக்குள் முட்டை பொரிந்து இளம்புழுவாகிறது. அந்த சைக்ளோப்ஸை வாத்து விழுங்கும்போதுதான் இளம்புழு குடலுக்குள் போய் முழுப் புழுவாக வளர்கிறது. ஒரு காலத்தில் குளத்து நீர் குடித்தவர்களுக்கு நரம்புச் சிலந்தி நோயைக் கொடுத்ததும் இதே சைக்ளோப்ஸ்தான். அந்த நோய் இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

யாருக்கு ஆபத்து?

வளர்ந்த வாத்து பெரும்பாலும் சமாளித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் எச்சத்தில் முட்டை போய்க்கொண்டே இருக்கும். பாதிக்கப்படுவது குஞ்சுகள்தான். புழு அதிகமானால் கழிச்சல் வரும், இளைக்கும், நடை தள்ளாடும், சிலது செத்தும் போகும். பல நேரம் செத்த குஞ்சின் குடலை அறுத்துப் பார்க்கும்போதுதான் காரணமே தெரிய வருது.

மருந்து கொடுத்தா போதாதா?

பிராசிகுவான்டெல் என்ற மருந்து நல்ல பலன் தரும். எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மருந்து குடலில் இருக்கும் புழுவை மட்டுமே கொல்லும். மறுநாள் அதே குட்டையில் இறக்கினால் சைக்ளோப்ஸ் வழியாகத் திரும்பவும் தொற்றும். அதனால் குஞ்சுகளையாவது கொஞ்ச நாள் தேங்கிய நீரில் விடாமல், தொட்டியில் சுத்தமான தண்ணீர் வைத்து வளர்ப்பது நல்லது. ஊர் ஊராகப் பட்டி போட்டு மேய்ப்பவர்களுக்கு இது சொல்வது போல சுலபமில்லை. அவர்களால் குறைந்தபட்சம் குஞ்சுகளையும் பெரிய வாத்துகளையும் ஒரே குட்டையில் விடாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

வாத்துக்கறி, முட்டை சாப்பிடலாமா?

தாராளமாக. இந்தப் புழு இருப்பது குடலில்தான், கறியில் இல்லை. முட்டைக்குள்ளும் வராது. குடலை அகற்றி, நன்றாகக் கழுவி, வேக வைத்துச் சாப்பிட்டால் பயமில்லை.