விசையின் எடை

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் ஒரு சடங்கு உண்டு. வாங்க வந்தவர் கைத்துப்பாக்கியைக் கையில் எடுத்து, தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, சுவரை நோக்கி நீட்டி, விசையை மெல்ல அழுத்திப் பார்ப்பார். அடுத்ததை எடுப்பார், அதையும் அழுத்துவார். முதலில் எதிர்ப்பில்லாத ஒரு தளர்ந்த நகர்வு, பிறகு விரல் ஒரு சுவரில் முட்டியது போன்ற தடை, பிறகு அந்தத் தடை விட்டுக்கொடுக்கும் கணம், கடைசியாக விரலைத் தளர்த்தும்போது விசை தன் இடத்துக்குத் திரும்பும் தூரம். இந்த நான்கையும் பற்றி மணிக்கணக்கில் பேசக் கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நல்ல விசை கண்ணாடிக் குச்சி முறிவது போல விட வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கு.

இதைக் கேட்கும்போது கைக்கடிகாரப் பிரியர்களின் பேச்சுப் போலத் தோன்றும். ஆனால் விரல் நுனியின் இந்தச் சிறிய விவகாரத்துக்காகப் படைகளும் காவல்துறைகளும் நூறாண்டுக்கு மேலாகச் சண்டையிட்டிருக்கின்றன. அதில் பணம் போயிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. (துப்பாக்கியின் 'குதிரை' என்று நம்மிடம் ஒரு பழஞ்சொல் உண்டு. அழகான சொல்தான். ஆனால் சுத்தியலா விசையா என்ற குழப்பத்தை அது உண்டாக்குவதால் இங்கே விரல் தொடும் உறுப்பை 'விசை' என்றே குறிப்பிடுகிறேன்.)

கதை பிலிப்பைன்ஸில் தொடங்குகிறது. 1899க்குப் பின் அந்தத் தீவுகளைப் பிடித்துவைக்கப் போரிட்ட அமெரிக்கப் படையினரிடம் .38 அங்குல ரிவால்வர்கள் இருந்தன. தெற்கே மோரோ வீரர்கள் குண்டு பட்ட பிறகும் வாளோடு ஓடிவந்து வெட்டினார்கள் என்று அதிகாரிகள் முறையிட்டார்கள். பரண்களில் கிடந்த பழைய .45 ரிவால்வர்கள் மீண்டும் கப்பலேறின. தம் மண்ணைக் காக்க ஓடிவந்தவன் விழவில்லை என்பதுதான் அந்த முறையீட்டின் சாரம். ஆயுத வரலாற்று நூல்கள் இதை ஒரு பொறியியல் சிக்கலாக மட்டும் எழுதிக் கடந்துவிடுகின்றன.

1904இல் ஜான் தாம்ப்சன் என்ற படை அதிகாரியும் லூயி லகார்ட் என்ற படை மருத்துவரும் சிகாகோவின் மாட்டுத்தொட்டிகளில் சோதனை நடத்தினார்கள். உயிருள்ள மாடுகளையும் மனிதப் பிணங்களையும் வெவ்வேறு குண்டுகளால் சுட்டுக் குறிப்பெடுத்தார்கள். குண்டின் விட்டம் .45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று முடிவு சொன்னார்கள். பிற்காலத்தில் தன் பெயரிலேயே ஒரு துணை இயந்திரத் துப்பாக்கியைக் கொண்டுவந்தவர் இதே தாம்ப்சன்தான்.

குண்டு முடிவாயிற்று, அதைச் சுடும் துப்பாக்கி எது? 1907இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் போட்டி நடந்தது. ஜெர்மனியிலிருந்து கியோர்க் லூகர் தன் துப்பாக்கியின் .45 வடிவத்தோடு வந்தார். கோல்ட், சாவேஜ் ஆகிய அமெரிக்க நிறுவனங்களும் வந்தன. இன்று யாரும் நினைவில் வைத்திராத வேறு சில பெயர்களும் இருந்தன. கடைசியில் கோல்ட்டும் சாவேஜும் மட்டுமே மிஞ்சின. கோல்ட்டுக்காக வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங்.

1911 மார்ச் மாதச் சோதனையைத் துப்பாக்கிப் பிரியர்கள் ஒரு புராணம் போலச் சொல்வார்கள். ஒவ்வொரு துப்பாக்கியிலிருந்தும் 6000 தோட்டாக்கள். நூறு சுட்டதும் ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும், ஆயிரம் சுட்டதும் துடைத்து எண்ணெயிட வேண்டும். மிகவும் சூடானால் தண்ணீர் வாளியில் முக்கியெடுத்தார்கள். சாவேஜ் முப்பதுக்கும் மேற்பட்ட முறை மக்கர் செய்தது. கோல்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை. மார்ச் 29 அன்று அமெரிக்கப் படை அதை ஏற்றது. ஆண்டே அதன் பெயராயிற்று.

அதே ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட துப்பாக்கியும் பிரௌனிங்தான், பெல்ஜியத்தில் செய்யப்பட்டது. யூட்டா மாநிலத்து மார்மன் குடும்பம் ஒன்றில் பிறந்த ஒருவரின் வடிவமைப்புகள் ஒரே வருடத்தில் ஒரு பேரரசின் படைக்கும் இன்னொரு பேரரசின் எதிரிக்கும் போய்ச் சேர்ந்தன.

1911இன் விசை கீலில் சுழல்வதில்லை. ஒரு சிறு இழுப்பறை போல நேராகப் பின்னால் நகர்கிறது. சுத்தியல் முன்பே பின்னுக்கு இழுக்கப்பட்டிருப்பதால் விசைக்கு ஒரே வேலைதான்: அதை விடுவிப்பது. எனவே நகர்வு குறைவு, முறிவு தெளிவு. துல்லியமாகச் சுடுவோர் இன்றும் இதைக் கொண்டாடுவதற்கு இதுவே காரணம். ஆனால் சுத்தியல் பின்னுக்கிருக்கும் துப்பாக்கியை இடுப்பில் வைத்திருப்பது யாருக்கும் கலக்கமளிக்கும். எனவே தடைகள் சேர்க்கப்பட்டன. கைப்பிடியின் பின்புறம் கை அழுத்தினாலன்றிச் சுடாத ஒரு தடை இருந்தது. கட்டைவிரலால் இயக்கும் இன்னொன்று 1910க்குப் பின் குதிரைப்படையின் வற்புறுத்தலால் வந்தது. மிரண்ட குதிரையின் கடிவாளம் ஒரு கையில் இருக்க, மறுகையால் துப்பாக்கியை ஆபத்தின்றி உறையிலிட வேண்டுமே!

முதல் உலகப்போர் இன்னொரு குறையைக் காட்டியது. பலருடைய விரல் விசையை வசதியாக எட்டவில்லை. 1920களில் விசையைக் குட்டையாக்கினார்கள். விரல் வளைந்து நுழைய வசதியாகச் சட்டத்தின் இருபுறமும் சிறிது குடைந்தார்கள். ஆறாயிரம் தோட்டாச் சோதனையில் யாரும் அளக்காத ஒன்று சாதாரணச் சிப்பாயின் கையளவு.

ஜெர்மானியர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். வால்தர் நிறுவனம் 1929இல் கொண்டுவந்த பிபி மாதிரியிலும், 1938இல் ஜெர்மன் படை ஏற்ற பி38 மாதிரியிலும் சுத்தியல் படிந்தே இருக்கும். முதல் முறை அழுத்தும்போது விசையே சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி விடுவிக்கும். அந்த இழுப்பு நீளம், கனம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுடுதலும் சுத்தியலைப் பின்னுக்கே வைத்துவிடுவதால் விசை குறுகலாகவும் இலகுவாகவும் இருக்கும். ஒரே துப்பாக்கியில் இரண்டு விசைகள். முதல் குண்டு ஒருவர் கையிலிருந்தும் இரண்டாவது வேறொருவர் கையிலிருந்தும் போவது போல என்று இதைக் குறை சொல்வார்கள். குறை நியாயமானதுதான் என்றாலும், பயத்தில் நடுங்கும் விரலுக்கு அந்த முதல் நீண்ட இழுப்பு சற்று அவகாசம் தருகிறது.

1980களில் அமெரிக்கப் படை இந்த வகைக்கே மாறியது. 1984 போட்டியில் எட்டு மாதிரிகள். தேறியவை இத்தாலியின் பெரெட்டாவும் சுவிஸ்-ஜெர்மன் ஸிக்கும் மட்டும். விலைக்கணக்கில் பெரெட்டா வென்றது, 1985 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் வெளியேறியதற்கு ஒரு காரணம் வேடிக்கையானது. குத்தூசியின் ஆற்றலுக்கான அளவை ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கு மாற்றி முழுமையாக்கியதில் நேர்ந்த பிழையால் அது தவறாக ஒதுக்கப்பட்டது என்று அரசின் கணக்காய்வு அலுவலகமே பின்னர் சொன்னது. 1987 வாக்கில் பெரெட்டாவின் மேற்பகுதி உடைந்து சில கடற்படை வீரர்களின் முகத்தைக் காயப்படுத்தியது. மறுசோதனை நடந்தது. மீண்டும் பெரெட்டாவே வென்றது.

இதற்குள் வியன்னாவுக்கு அருகே காஸ்டன் க்ளாக் என்ற, துப்பாக்கி உலகுக்கு முற்றிலும் அன்னியரான ஒருவர், கத்தியும் திரைச்சீலைக் கம்பியும் செய்துகொண்டிருந்தவர், ஆஸ்திரியப் படைக்காகப் பிளாஸ்டிக் சட்டம் கொண்ட துப்பாக்கியைச் செய்துவிட்டிருந்தார். 1982இல் படை அதை ஏற்றது. வெளியே சுத்தியலும் இல்லை, கட்டைவிரல் தடையும் இல்லை. விசையின் நடுவே ஒரு சிறு நாக்கு மட்டும். விரல் நேராக அதை அழுத்தினால் சுடும், இல்லையென்றால் சுடாது. முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் ஒரே இழுப்பு, ஏறத்தாழ 5.5 பவுண்டு, அதாவது இரண்டரைக் கிலோ. சற்றுச் சொதசொதப்பான விசை என்று 1911 பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் கற்றுக்கொடுக்க எளிது. அமெரிக்கக் காவல்துறைகள் வரிசையில் நின்று வாங்கின.

நியூயார்க் மட்டும் தயங்கியது. அந்நகரக் காவலர்கள் பல்லாண்டுகளாகக் கனத்த விசையுள்ள ரிவால்வர்களில் பழகியவர்கள். துப்பாக்கியை உருவியதும் விரலை விசைமேல் வைப்பது பழக்கமாகிவிட்டவர்களுக்கு இரண்டரைக் கிலோ விசை ஆபத்து என்று மேலிடம் கருதியது. ஏற்கனவே மாநிலக் காவல்துறை கேட்டதற்காக க்ளாக் நிறுவனம் ஒரு கனத்த சுருள்வில்லைச் செய்திருந்தது. 'நியூயார்க் விசை' என்றே அதற்குப் பெயர். 1993இல் மாநகரக் காவல்துறை புதிய துப்பாக்கிகளுக்கு அனுமதி தந்தபோது, அவற்றின் விசை ஏறத்தாழ 12 பவுண்டு இருக்க வேண்டுமென்றது.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தோட்டா நிரப்பிய க்ளாக்கின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஐந்தரைக் கிலோ விசையை ஒற்றை விரலால் இழுக்க வேண்டும். இழுக்கும் விரல் துப்பாக்கியையே சேர்த்து இழுக்கிறது, குழல்முனை விலகுகிறது. பயிற்சியை வில்லால் ஈடுசெய்யப் பார்த்தார்கள் என்பதே என் எண்ணம். விரலை வெளியே வைக்கக் கற்றுத்தரப் பல மணிநேரமும் ஏராளமான தோட்டாக்களும் வேண்டும். வில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால், சற்றுமுன் ஒருவரைக் கொன்றுவிட்டுத் துப்பாக்கியோடு நின்ற ஒருவனை இரு காவலர்கள் சுட்டார்கள். பதினாறு குண்டுகள். அவன் இறந்தான். தெருவில் நின்ற ஒன்பது பேர் காயப்பட்டார்கள்; அனைவருமே காவலர்களின் குண்டாலோ அதன் சிதறலாலோ காயப்பட்டவர்கள் என்று ஆணையரே ஒப்புக்கொண்டார். கனத்த விசை பற்றிய பழைய விவாதம் மீண்டும் எழுந்தது. அன்றைய நெரிசலையும் பதற்றத்தையும் விட்டுவிட்டு எல்லாப் பழியையும் ஒரு வில்லின்மேல் போட முடியாதுதான்.

ஆனால் அந்த வில் எதைத் தடுக்க வந்ததோ அதையும் எப்போதும் தடுக்கவில்லை. 2014 நவம்பரில் புரூக்ளின் குடியிருப்பு ஒன்றின் இருண்ட மாடிப்படியில், பணிக்கு வந்து அதிக காலமாகாத காவலர் ஒருவர் துப்பாக்கியை உருவியபடி கதவைத் திறந்தார். ஏதோ சத்தம் கேட்டு உடல் விறைத்ததாகப் பின்னர் சொன்னார். துப்பாக்கி வெடித்தது. குண்டு சுவரில் பட்டுத் தெறித்து, கீழ்த்தளத்துப் படியில் தோழியோடு இறங்கிக்கொண்டிருந்த, நிராயுதபாணியான 28 வயதுக் கறுப்பின இளைஞரின் நெஞ்சில் பாய்ந்தது.

2016 பிப்ரவரியில் வழக்கு நடுவர்குழுவிடம் போனது. அந்தத் துப்பாக்கியின் விசையைத் தாங்களே அழுத்திப் பார்க்க வேண்டுமென்று குழுவினர் கேட்டார்கள். கடைச் சடங்கேதான், ஆனால் இம்முறை வாங்குவதற்காக அல்ல. தற்செயலாக இழுபடக்கூடிய விசையா இது என்பதை அவர்கள் விரல் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இழுக்கக் கடினமாக இருந்தது என்று குழுவில் ஒருவர் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஏப்ரலில் நீதிபதி குற்றத்தின் தரத்தைக் குறைத்து, சிறையின்றி ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 800 மணிநேரச் சமூகப்பணியும் விதித்தார்.

2017 ஜனவரியில் அமெரிக்கப் படை பெரெட்டாவைக் கைவிட்டு ஸிக்கின் பி320ஐத் தேர்ந்தது; தோற்ற க்ளாக்கின் ஆட்சேபம் எடுபடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், அதன் பொதுச்சந்தை வடிவம் குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானே வெடிக்கிறது என்று தெரியவந்தது. விசை என்னும் உறுப்பே கனமாக இருந்தது. விழுந்த வேகத்தில் துப்பாக்கி நின்றுவிட, விசை மட்டும் தன் எடையால் தொடர்ந்து பின்னோக்கி நகர்ந்து, யாரும் தொடாமலே சுட்டது. நிறுவனம் விசையை மெலிதாக்கி மாற்றித் தந்தது. மாற்றிய பிறகும் தானே வெடித்ததாக வழக்குகள் தொடர்ந்தன, நிறுவனம் மறுத்தது.

நியூயார்க் காவல்துறை 2021இல், புதிதாகச் சேர்பவர்களுக்கு இலகுவான விசையுள்ள துப்பாக்கிகளைத் தரப்போவதாக அறிவித்தது.