வெயில் 36 தானே, அதுக்கா மயக்கம்?

“வெளியே 36 டிகிரிதானே டாக்டர், அதுக்கா மயக்கம்?” கடலோர ஊர் அரசு மருத்துவமனையில, கோடைன்னா தவறாம வர்ற கேள்வி. பதிலுக்கு 1950கள் அமெரிக்காவுக்குப் போகணும்.

தெற்கு கரோலினா கடற்கரையில பாரிஸ் தீவு (பிரான்ஸ் பாரிஸ் இல்லீங்க). மரைன் படையில புதுசா சேர்ந்த பசங்களுக்கு அங்கே பயிற்சி. கோடையில ஒரே புழுக்கம், அடிக்கடி இடிமழை. வெப்பத்துல சுருண்டு விழுந்தவங்க ஏராளம். சாதா வெப்பமானி மட்டும் பார்த்தா காரணம் புரியல.

யாக்லூ, மினார்ட் இருவரும் 1957ல ஒரு புதுக் கணக்கை வெளியிட்டாங்க. ஈரத்துணி சுத்தின வெப்பமானிக்கு 70%, வெயில் வாங்கும் கருப்பு உருண்டைக்கு 20%, சாதா வெப்பமானிக்கு வெறும் 10%!

ஈரத்துக்கு ஏன் இவ்ளோ மதிப்பு? வியர்வை வழிஞ்சா உடம்பு குளிராது, உலர்ந்தாதான் குளிரும். காத்துலயே ஈரம் நிறைஞ்சிருந்தா எப்படி உலரும்?

இந்த அளவை வச்சு அங்கே கொடி ஏத்துறாங்க. பச்சை, மஞ்சள், சிவப்பு. 32.2 டிகிரியைத் தொட்டா கருப்பு, கடும் பயிற்சி நிறுத்தம்.

நம்ம சித்தாளுக்குக் கொடி ஏத்த யாருமில்ல. மழைக்கு முன்னாடி புழுங்குதா? அதான் அவங்களுக்குக் கொடி. நிழலும் தண்ணியும் ஓய்வும் கொடுங்க.

உடம்பு கொதிச்சு, பேச்சு குழறுதா? வியர்த்தாலும் ஆபத்துதான். 108க்குப் போன் போடுங்க. வண்டி வர்ற வரைக்கும் உடம்பு மேல தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க. மயங்கினவங்க வாயில மட்டும் ஊத்தாதீங்க.