சுவரெழுதிய கை

சென்ற ஆண்டு நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் புதுப்பித்த காலத்தில், வர்ணம் தீட்டுவதற்கென்று தமிழ்நாட்டிலிருந்து ஒரு கூட்டத்தார் வந்து சில மாதங்கள் தங்கினர். அவர்களுடைய கூலிக் கணக்கை எழுதும் வேலை கிராணியாகிய நம் தலையில் விழுந்தது. அவர்களுள் முதியவர் ஒருவர் ஒரு தாமரை இதழை மூன்று நாள் தீட்டினார். அதற்காகக் கமிட்டியார் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டனர். அவர் மறுமொழி கூறவில்லை. தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தார். வேலை முடிந்ததும் வாசற்சுவரில் கல் பதித்து நன்கொடையாளர் பெயர்களையெல்லாம் வெட்டினார்கள். முதியவர் பெயர் அதில் இல்லை. நமது கணக்குப் புத்தகத்தில் மட்டும் "வர்ணம் வகைச் செலவு" என்று ஒரு வரி உண்டு.

அந்த வரியை எழுதிய இரவு, பள்ளிக்கூட நாளில் ஆங்கிலத்தில் வாசித்த ஒரு பெரிய நாவலை மீண்டும் எடுத்தோம். அதை எழுதியவரும் சுவருக்கு வர்ணம் பூசி வயிறு வளர்த்தவரே. அவர் பெயர் ராபர்ட் நூனன். புத்தக உலகம் அவரை ராபர்ட் டிரெஸ்ஸல் என்ற புனைபெயரால் அறியும். மன்னர்களுக்கும் மந்திரிகளுக்கும் சரித்திரம் எழுதக் கைகள் மிகுதி. சாரத்தின்மேல் நின்று தூரிகை பிடித்தவனுடைய அன்றாட வாழ்வை அவனே எழுதிவைத்தது மிக அருமை. ஆகவே நேயர்களிடம் அவரைப்பற்றிச் சிறிது பேச விரும்புகின்றோம்.

நூனன் 1870-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரிற் பிறந்தார். தந்தை ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி. அவருக்கு வேறு குடும்பமும் இருந்தது. மேரி நூனன் என்னும் மாது அவருடைய மணைவியல்லாத நிலையில் பெற்ற பிள்ளைதான் நமது வர்ணக்காரர். பிற்காலத்தில் அவர் தந்தை பெயரை விடுத்துத் தாயின் பெயரையே தம் பெயராகக் கொண்டார். இருபது வயதளவில் தென்னாப்பிரிக்கா சென்று, 1891-இல் கேப் டவுனில் மணம் செய்துகொண்டார். மறு ஆண்டில் கேத்லீன் என்ற பெண் பிறந்தாள். மணவாழ்வு முறிந்துபோகவே, குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு ஜொகன்னஸ்பர்க்கில் வர்ண வேலையும் பெயர்ப்பலகை எழுதும் வேலையும் செய்தார்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். அந்நகரில் அவர் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்றார். தேர்ச்சி வேண்டும் தொழில்களைக் கறுப்பினத்தாருக்குக் கொடுக்கலாகாதென்று வெள்ளைத் தொழிலாளர் செய்த கிளர்ச்சியிலும் அவருக்குப் பங்குண்டு என ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கின்றனர். பின்னர் உழைப்பாளர் துயரை அத்துணை உருக்கமாக எழுதிய கை அதுவே என்பதை எண்ணும்போது நமக்கு மனம் கசக்கிறது. நமக்கு உகந்தவர் என்பதற்காக அவரைச் சுண்ணாம்பு அடித்து வெளுப்பாக்க நாம் வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மகளோடும் சகோதரியோடும் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார். கோடையில் செல்வர் கடற்காற்று வாங்க வரும் ஊர் அது. அங்கே கட்டட முதலாளிகளிடம் மணிக்கூலிக்கு அமர்ந்தார். தென்னாப்பிரிக்காவிற் பெற்றதைவிட இங்கே கூலி மிகக் குறைவு.

அக்காலத்து வர்ணத் தொழில் இன்னதென்று நேயர்கள் அறிந்தாலன்றி அவருடைய நாளை அறிய இயலாது. பழைய சுவர்க் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டுவது, கதவிலுள்ள பழைய சாயத்தை விளக்குச் சுவாலையால் இளக்கி வழிப்பது, வெடிப்புகளில் மக்கு அடைத்துத் தேய்ப்பது, இவை முதற்படி. பின்னர் காரீயத்தினின்று செய்த வெள்ளைச் சாந்தை ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கூட்டிக் குழைத்துப் பூசுவார்கள். அந்த வெள்ளைச் சாந்து நஞ்சு. நகத்தின் வழியும் மூச்சின் வழியும் உடலிற் புகுந்து, வயிற்றைப் பிசைந்து, நாளடைவில் மணிக்கட்டையே தொங்கவிட்டுவிடும். வர்ணக்காரன் வயிற்றுவலி என்று அந்நோய்க்குத் தனிப்பெயரே இருந்தது.

இதற்கு மேற்பட்டது அலங்கார வேலை. மலிவான பலகையின்மேல் சீப்பை இழுத்துத் தேக்கு, ஓக் போன்ற மரங்களின் ரேகையை வரவழைப்பது ஒன்று. மரத்தூணைச் சலவைக்கல்லாகக் காட்டுவது மற்றொன்று. கொடியும் பூவும் எழுத வேண்டுமானால் முதலிற் காகிதத்தில் வரைந்து, கோடு நெடுக ஊசியாற் குத்தி, சுவரிற் பதித்துக் கரித்தூள் மூட்டையாற் தட்டுவார்கள். காகிதத்தை எடுத்தவுடன் சுவரிலே புள்ளிகள் நிற்கும். நம் பெண்கள் வாசலிற் புள்ளி வைத்துப் பின்பு கோலம் இழுப்பதில்லையா, அதுபோலத்தான். தங்க ரேக்கு ஒட்டுவதோ இன்னும் நுட்பம். கதவிடுக்குக் காற்றுப்பட்டாலே பறந்துபோகும் அந்த ரேக்கைக் கையால் தொடலாகாது. தட்டையான மெல்லிய மயிர்த்தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவினால் தோலின் எண்ணெய்ப்பசை சிறிது ஒட்டும். அப்பசையைக்கொண்டே ரேக்கைத் தூக்கி வைப்பார்கள். இத்தனையும் அறிந்தவர் நூனன். இவ்வளவு தெரிந்த கைக்கும் பெரும்பாலான நாட்களிற் கிடைத்தது சுரண்டும் வேலையும் வெள்ளையடிக்கும் வேலையுமே.

அவருடைய நாவலின் பெயரைத் தமிழில் "கந்தற் காற்சட்டைக் கொடையாளிகள்" எனலாம். தாம் கந்தலுடுத்துத் தம் உழைப்பின் பயனை முதலாளிக்குத் தானமாக வாரிக் கொடுக்கும் தொழிலாளரே அக்கொடையாளிகள். பெயரிலேயே குத்தல் இருக்கிறது. அதிற் பிரதான பாத்திரம் பிராங்க் ஓவன் என்ற வர்ணக்காரன். ஓவனே நூனன் என்று பலர் எழுதிவிடுகின்றனர். அது முழுதும் சரியன்று. ஓவனுக்கு நோயாளி மனைவியும் ஒரு மகனும் உண்டு; நூனன் வீட்டில் மனைவி இல்லை, மகள்தான் உண்டு. ஆயினும் பட்டறையின் வாடையும் கையின் பழக்கமும் நூனனுடையவை என்பதில் ஐயமில்லை.

அந்நாவலில் தேர்ச்சியுள்ள வர்ணக்காரனுக்கு மணிக்கு 7 பென்னி. வேலை கேட்டு வரும் ஒருவன், பசி தாங்காமல் ஆறரைக்கே ஒப்புக்கொள்கிறான். ஆனால் பூசுவதைச் செவ்வையாகப் பூச வேண்டுமென்ற பழக்கம் அவன் கையை விட்டுப் போகவில்லை. வேகம் போதாதென்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மூன்று பூச்சுக்குப் பணம் வாங்கி ஒரு பூச்சோடு முடிப்பதே அங்கே சாமர்த்தியம். நாம் இந்நூலில் எல்லாவற்றினும் கொடியதாகக் கருதுவது கூலிக்குறைவை அன்று. நன்றாகச் செய்வது குற்றமாகிவிட்ட நிலையையே சொல்லுகிறோம். கூலி குறைந்தவனுக்கு வயிறு காய்கிறது. கைத்திறனைத் திருடச் சொல்லப் பெற்றவனுக்கோ தன்னைப்பற்றிய மதிப்பே காய்ந்துபோகிறது.

ஒரு சமயம் ஓவனுக்கு நல்வாய்ப்பு வருகிறது. பணக்காரர் ஒருவர் தம் வரவேற்பறையை மூர் ஜாதியாரின் பாணியில் அலங்கரிக்க விரும்புகிறார். வாரத்தின் ஓய்வு நேரத்தையெல்லாம் கொடுத்து, ஓவன் தன் வீட்டு மேசையில் அமர்ந்து வரைகிறான். படம் ஒப்புக்கொள்ளப் பெற்றது. அவ்வேலை நடந்த நாட்களில் அவனுக்குப் பசியும் களைப்பும் தோன்றவில்லை. இரவிலும் அவன் நினைவு அந்தக் கூரையின் மேலேயே. கூலியோ அதே 7 பென்னி. முதலாளிக்கு லாபம். அந்த அறையில் விருந்துண்ணப் போகிறவன் தான் அல்லன் என்பதும் ஓவனுக்குத் தெரியும். தெரிந்தும் மகிழ்ந்தான். இம்மகிழ்ச்சியை ஆசிரியர் ஏளனம் செய்யவில்லை. சுரண்டலை அத்துணைக் கடுமையாகத் தாக்குகிற பேனா இந்த இடத்தில் மட்டும் மெல்ல நடக்கிறது. தொழிலாளர் துன்பத்தை எழுதுவோர் பலர் இதைக் காணத் தவறுகின்றனர் என்பது நம் எண்ணம். அவர்களுடைய தொழிலாளிக்குப் பசி உண்டு, கோபம் உண்டு, கைத்தொழிலில் ஆசை மாத்திரம் இல்லை.

நூனனுக்கும் அப்படி ஒரு சுவர் கிடைத்தது. 1905-ஆம் ஆண்டில் ஹேஸ்டிங்ஸ் நகரிலுள்ள தூய அந்திரேயா ஆலயத்தின் பீடப் பகுதியை அவர் பூவேலையாலும் தங்க ரேக்காலும் அலங்கரித்தார். ஆலயத்தாருடைய போதனைகளைத் தம் நாவலில் அவர் சாடியிருக்கும் விதத்தைப் படித்தவர்கள் இதைக் கேட்டு வியப்பார்கள். நமக்கு வியப்பில்லை. சுவர் நல்ல சுவராயிருந்தால் வர்ணக்காரன் யாருடைய சுவர் என்று கேட்பதில்லை.

நாவலிலுள்ள மற்றொரு காட்சியையும் சொல்லாமல் விட மனமில்லை. பெர்ட் என்பவன் வேலை பழக வந்த சிறுவன். பெரியவர்களுக்கு வாளியிலே தேநீர் காய்ச்சுவதும் சாமான் வண்டி தள்ளுவதும் அவன் பாடு. கடுங்குளிர் நாளொன்றில், நெருப்பில்லாத சாயக் கொட்டகையில் அவன் தனியே நடுங்கிக்கொண்டு வேலை செய்வதை ஓவன் காண்கிறான். கண்டவுடன் நேரே முதலாளியின் அறைக்குள் நுழைந்து நெருப்பாகிவிடுகிறான். தனக்காக ஒருநாளும் அப்படிப் பேசாதவன் அவன். அதே பெர்ட் ஒரு பெட்டியை நாடகமேடைபோற் செய்து, பத்திரிகைப் படங்களை நீண்ட சுருளாக ஒட்டி, உருளையிற் சுற்றி ஓட்டி, பிள்ளைகளுக்கு உரை சொல்லிக் காட்டுகிறான். குளிர் கொட்டகைக்குள்ளிருந்து வந்த கை அதுவும்.

இனி நூனனுடைய வீட்டுக்குள் வருவோம். மாடி அறைகளில் வாடகைக் குடித்தனம். குளிர்காலத்திற் கட்டட வேலை ஓய்ந்துவிடும். வாரக்கணக்கில் கூலியின்றி இருக்க நேரும். அத்தகைய நாட்களிலும் அவர் கை சும்மாயிருந்ததில்லை. ஆகாயக் கப்பலுக்கு மாதிரி செய்து யுத்த இலாகாவுக்கு எழுதிப் பார்த்தார், அவர்கள் வேண்டாமென்றுவிட்டனர். 1906-இல் அவ்வூரில் ஏற்பட்ட சோஷலிஸ்ட் கிளையிற் சேர்ந்து அதற்குக் கொடி எழுதிக் கொடுத்தார். 1907-இல் முதலாளி ஒருவரோடு தகராறு ஏற்பட்டு வேலை போயிற்று. க்ஷயரோகமும் உடலிற் குடியேறியது. கூட்டங்களுக்குப் போக வலிமையில்லை. அப்பொழுதுதான் எழுதத் தொடங்கினார்.

எழுதினால் ஏழைகள் விடுதிக்குப் போகாமல் மகளைக் காப்பாற்றலாம் என்பது ஆசை. சொந்தப் பெயரில் வெளியிட்டால் ஊரில் ஒருவரும் வேலை கொடார் என்பது அச்சம். ஆகவே புனைபெயர் தேடினார். வர்ணக்காரர் பலகையை ஏற்றிவைக்கும் மரக்காலுக்கு ஆங்கிலத்தில் டிரெஸ்ஸல் என்று பெயர். தன்னைத் தாங்கிய அந்தக் காலையே பெயராக்கிக்கொண்டார். கையெழுத்துப் பிரதி சுமார் 1,600 பக்கம். முகப்புப் பக்கத்தைப் பெயர்ப்பலகை எழுதும் கையாலேயே எழுத்தழகோடு தீட்டினார். பகலில் ஏணிமேல் நின்றவர் இரவில் இதை எழுதினார் என்றெண்ணும்போது, பெரட்டுக்குப் பின்பு இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் களைத்துப்போகும் நமக்கு வெட்கமாயிருக்கிறது.

1910-இல் நூல் முடிந்தது. மூன்று பிரசுரகர்த்தர்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிவிட்டனர். மனமுடைந்து அவர் அதைத் தீயிலிடப் போனார். மகள் கேத்லீன் தடுத்து, ஒரு தகரப் பெட்டியில் வைத்துத் தன் கட்டிலின் கீழ் பத்திரப்படுத்தினாள். அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தமிழ் வாசகராகிய நாமும் கடன்பட்டிருக்கிறோம்.

அவ்வாண்டிலேயே, கானடா சென்று பிழைக்கலாம், மகளைப் பின்பு அழைத்துக்கொள்ளலாம் என்று தனியே லிவர்பூல் வரை போனார். அங்கே நோய் முற்றி, 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 40. ரயில் கட்டணத்துக்கு வழியின்றி மகளால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. வேறு 12 ஏழைகளோடு ஒரே குழியில், பெயரெழுதாமற் புதைத்தார்கள். நாவலிலே ஓவனுக்குப் பிணப்பெட்டித் தகடு எழுதும் வேலையும் உண்டு. இவர் பெட்டிக்குத் தகடு எழுதுவார் யார்?

பின்பு லண்டனில் ஒரு வீட்டில் ஊழியம் பார்த்துக்கொண்டிருந்த கேத்லீன், அவ்வீட்டுக்கு வந்து போகும் எழுத்தாளராகிய ஜெஸ்ஸி போப் அம்மையாரிடம் அப்பாவின் பிரதியைப்பற்றிச் சொன்னாள். கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பிரசுரகர்த்தர் 25 பவுன் கொடுத்து உரிமை வாங்கி, 1914-இல் வெளியிட்டார். ஆனால் போப் அம்மையார் பிரதியை மிகவும் வெட்டிச் சுருக்கி, கடைசியில் ஆசிரியர் வைத்த நம்பிக்கை ஒளியை நீக்கி, ஓவனுடைய தற்கொலை நினைவோடு கதையை நிறுத்திவிட்டார். மூன்று பூச்சுப் பூசியதை ஒரு பூச்சாக்கிய வேலைதான் இதுவும். அப்படி வெட்டுண்ட நூலையே தொழிலாளர் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தனர்.

ஹேஸ்டிங்ஸ் வாசியான பிரெட் பால் என்பவர் நண்பர்களோடு 1946-இல் மூலப்பிரதியை வாங்கி, சிதறிய பக்கங்களை ஒழுங்கு செய்தார். 1955-ஆம் ஆண்டில், ஆசிரியர் இறந்து நாற்பத்துநான்கு ஆண்டுகள் சென்றபின், முழு நூல் அச்சேறிற்று. இறந்துவிட்டாளென்று பலரும் நினைத்திருந்த கேத்லீன் உயிரோடிருப்பதும் பிற்பாடு தெரியவந்தது.

1970-இல் லிவர்பூல் வால்ட்டன் இடுகாட்டில் அந்தப் பதின்மூவர் குழி எங்கே என்று கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில் ஹேஸ்டிங்ஸில் தூய அந்திரேயா ஆலயத்தை இடித்தார்கள். இடிப்பதற்கு முன்பு, நூனன் எழுதிய சுவரில் ஒரு துண்டை மட்டும் பெயர்த்தெடுத்தனர். அது அவ்வூர்ப் பொருட்காட்சி சாலையில் வைக்கப் பெற்றது. பக்கத்தில் அவர் பெயரும் எழுதியிருக்கிறது.