நாணயம் குன்றிய நாட்கள்

தமிழில் 'நாணயம்' என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கிறது. சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவு எத்துணை நெருக்கமானது என்பதை அறிய விழைவோர், ஹிஜ்ரி 806-ஆம் ஆண்டில் (கி.பி. 1403–1404) எகிப்து நாட்டைக் கவ்விய பெருந்துன்பத்தைப் பற்றி அறிதல் வேண்டும். மன்னர்களின் படையெடுப்புகளையும் வெற்றிகளையும் எழுதி வைத்த வரலாற்றாசிரியர்கள் பலர். மன்னன் அடித்த காசு ஏழையின் அடுப்பங்கரையில் என்ன செய்தது என்று எழுதியோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் தகிய்யுத்தீன் அஹ்மது அல்மக்ரீஸீ (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 766-இல் (கி.பி. 1364) கெய்ரோவில் பிறந்த அன்னார், மேதை இப்னு கல்தூன் அவர்களின் விரிவுரைகளைக் கேட்டுப் பயன்பெற்றவர். ஹிஜ்ரி 801-இல் (கி.பி. 1399) கெய்ரோ நகரின் முஹ்தஸிபாக நியமனம் பெற்றார். முஹ்தஸிப் என்பவர் அங்காடிகளைக் கண்காணிக்கும் அதிகாரி. எடைக்கல்லும் படியும் சரியாக உள்ளனவா, உணவுப் பண்டங்களில் கலப்படம் உண்டா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. எனவே விலைவாசியின் ஏற்ற இறக்கத்தை அன்னார் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர்; கடைவீதியில் நின்று கண்டவர். அந்த அனுபவத்தின் விளைவாகவே ஹிஜ்ரி 808-இல் (கி.பி. 1405) 'இகாஸதுல் உம்மா பி கஷ்ஃபில் கும்மா' என்னும் சிறு நூலை யாத்தார். சமுதாயத்தின் துயரை விலக்கி அதற்குத் துணைநிற்றல் என்பது அப்பெயரின் கருத்து.

ஹிஜ்ரி 806-இல் நைல் நதியில் போதிய வெள்ளம் வரவில்லை. வெள்ளம் வராவிடில் விதைப்பு இல்லை. விதைப்பு இல்லாவிடில் ரொட்டி இல்லை. ஆனால் எகிப்துக்கு இது புதிதன்று. ஃபாத்திமிய கலீஃபா அல்முஸ்தன்ஸிரின் காலத்தில், கி.பி. 1065 முதல் ஏழாண்டுகள் நீடித்த கொடிய பஞ்சத்தையும் அந்நாடு கண்டு மீண்டிருந்தது. நதி வற்றினால் விலை ஏறுவதும், நதி பெருகினால் விலை இறங்குவதும் இயல்பு. இம்முறை மட்டும் ஏறிய விலை ஏன் இறங்கவில்லை? இக்கேள்வியே மக்ரீஸீ அவர்களின் நூலுக்கு உயிர்நாடி.

மூன்று காரணங்களை அன்னார் எடுத்துரைக்கிறார். முதலாவது, பதவிகள் கையூட்டுக்கு விற்கப்பட்டமை. அமைச்சர் பதவி முதல் காழி, முஹ்தஸிப் பதவிகள் வரை பணம் கொடுத்தவருக்கே கிடைத்தன. கொடுத்தவர் அப்பணத்தைக் குடிமக்களிடமே வசூலித்தார். இரண்டாவது, விளைநிலங்களின் குத்தகை தாங்கவொண்ணாத அளவு உயர்ந்தமை. மூன்றாவது, செப்புக்காசுகளின் பெருக்கம்.

இம்மூன்றாவது காரணத்தைச் சற்று விரிவாக நோக்குவோம். ஃபுலூஸ் எனப்படும் செப்புக்காசு, கீரை போன்ற சில்லறைப் பொருள்களை வாங்குவதற்கென்றே முன்பு இருந்தது. மதிப்புள்ள எதுவும் பொன் தீனாருக்கோ வெள்ளித் திர்ஹமுக்கோதான் கைமாறும். சுல்தான் பர்கூக்கின் ஆட்சியில் அரண்மனை அலுவல்களை நிர்வகித்த மஹ்மூது இப்னு அலீ என்பவர், ஆதாயம் கருதி ஐரோப்பியரிடமிருந்து செம்பை வரவழைத்துக் காசுகளை அளவின்றி அடிக்கச் செய்தார். வெள்ளி அடிப்பது நின்றது. இருந்த வெள்ளியில் ஒரு பகுதி கடல் கடந்து போயிற்று. ஒரு பகுதி உருக்கப்பட்டு நகையாயிற்று. நாளடைவில் கணக்கெல்லாம் செம்பிலேயே நடந்தது. 'திர்ஹம்' என்ற பெயர் மட்டும் நிலைத்தது. அதனுள் இருந்த வெள்ளி மறைந்தது.

இதன் விளைவை ஒரு கணக்கால் உணரலாம். முன்னர் ஏறத்தாழ 20 வெள்ளித் திர்ஹம் ஒரு பொன் தீனாருக்கு ஈடு. மாதம் 100 திர்ஹம் உதவித்தொகை பெற்ற ஓர் ஆசிரியரின் கையில் 5 தீனார் இருந்தது. இந்நெருக்கடியில் ஒரு தீனாரின் விலை செப்புக் கணக்கில் 150 திர்ஹமாயிற்று. அதே ஆசிரியர் அதே 100 திர்ஹத்தைப் பெற்றார். ஆனால் அதன் மதிப்பு ஒரு தீனாரில் மூன்றில் இரண்டு பங்கே. ஒரு திர்ஹமும் குறைக்கப்படவில்லை. ஆயினும் அவர் வாழ்வில் ஏழில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பொன்னாலும் வெள்ளியாலும் அளந்தால் பண்டங்களின் விலை பெரிதும் ஏறவில்லை, செம்பால் அளப்பதனால்தான் இத்துன்பம் என்பது மக்ரீஸீ அவர்களின் துணிபு.

துன்பம் எல்லோரையும் ஒரே விதமாகத் தாக்கவில்லை என்பதையும் அன்னார் கண்டார். மக்களை ஏழு வகுப்பினராகப் பிரித்து ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே உரைக்கிறார். ஆட்சியாளர் தம் வருவாய் பெருகியதாக எண்ணி மகிழ்ந்தனர், பெருகியது எண்ணிக்கையே. பெருவணிகரும் உண்மையில் இழந்தனர். சிறு கடைக்காரர் அன்றாட இலாபத்தை அன்றாடச் செலவுக்கே ஈடுகட்டினர். உழவரில் நீர் பாய்ந்த நிலம் உடைய சிலர் செழித்தனர், பெரும்பாலோர் அழிந்தனர். கூலித் தொழிலாளரின் கூலி பன்மடங்கு உயர்ந்தது. அதனைப் பெறுவதற்கு அவருள் பலர் உயிரோடு இல்லை. இரவலரில் பெரும்பாலோர் பசியாலும் குளிராலும் மாண்டனர். மிகவும் நெஞ்சை உருக்குவது மார்க்க அறிஞர்கள், மாணவர்கள் போன்று நிலையான தொகையை நம்பி வாழ்ந்தோரின் நிலை. அவர்கள் இறந்துபோயினர், அல்லது இறப்பை விரும்பினர் என்று எழுதுகிறார் அன்னார்.

உயிர் பிழைத்தோரின் வாழ்க்கை எவ்வாறு சுருங்கியது? இதற்கு விடை அன்னாரின் மற்றொரு பெருநூலாகிய 'அல்கிதத்'தில் உள்ளது. கெய்ரோவின் மெழுகுவத்திக் கடைத்தெரு நள்ளிரவு வரை ஒளி வீசிய இடம். ரமளானில் தராவீஹ் தொழுகைக்குச் செல்லும் ஊர்வலங்களுக்கென மாபெரும் மெழுகுவத்திகள் அங்கு வாடகைக்கு எடுக்கப்பட்டன. மிட்டாய்க் கடைத்தெருவில் ரஜப் மாதம் வந்தால் குதிரை, சிங்கம், பூனை வடிவில் சீனி உருவங்கள் நூலில் கட்டித் தொங்கும். தம் பிள்ளைகளுக்கு அவற்றை வாங்கித் தராத வீடு அரிது. வெள்ளி பதித்த செம்புப் பாத்திரங்கள் மணப்பெண்ணின் சீர்வரிசையில் பெருமையோடு இடம்பெற்றன. நெருக்கடிக்குப் பின் இவை யாவும் அருகின. முன்னர் மழைக்காலத்தில் மட்டும் மேலே போர்த்திய ஐரோப்பியக் கம்பளித் துணியை, பெருமக்களும் அன்றாட உடையாகவே உடுத்தத் தொடங்கினர். முதலில் பிள்ளையின் இனிப்பு போயிற்று. பிறகு பண்டிகையின் விளக்கு போயிற்று. பிறகு உடையின் மதிப்புப் போயிற்று. பஞ்சம் ஒரே நாளில் வாசலுக்கு வருவதில்லை. செலவுப் பட்டியலின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஏறி வருகிறது.

மக்ரீஸீ அவர்களின் தீர்ப்பு முழுமையானதன்று எனப் பிற்கால ஆய்வாளர் கூறுவர். கி.பி. 1347-இல் எகிப்தை அடைந்த கொள்ளைநோய் உழவரைக் குறைத்திருந்தது. வெள்ளித் தட்டுப்பாடு ஐரோப்பாவிலும் இருந்தது. இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் காசின் அளவுகோல் கெடும்போது எளியோரே முதலில் நசுங்குவர் என அன்னார் கண்ட உண்மை இதனால் குறைவுபடாது.

நம் ஃபிக்ஹுக் கலையும் இப்பிரச்சினையைக் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை. கடனாகப் பெற்ற செப்புக்காசின் மதிப்பு மாறிவிட்டால் எதனைத் திருப்பித் தருவது? பெற்ற எண்ணிக்கையையே என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). பெற்ற நாளின் மதிப்பை என்றார் அன்னாரின் மாணவர் அபூயூஸுஃப் (ரஹ்). ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்களும், பிற்காலத்தில் டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களும் இப்பொருளில் தனி நூல்களே எழுதினர். எண்ணிக்கையைக் காப்பதா, மதிப்பைக் காப்பதா என்பது வெறும் சட்டச் சிக்கலன்று. ஒருவருக்குச் சேரவேண்டிய உரிமை அவரை முழுமையாகச் சென்றடைகிறதா என்னும் அறவினா.

இவ்வினா நம் இல்லங்களிலும் எழுகிறது. பல்லாண்டுகளுக்கு முன் சில நூறு ரூபாயாக எழுதி, பின்னர் தருவதாக ஒப்புக்கொண்ட மஹர் இன்றும் அதே சில நூறுதானா? மஹரைப் பவுனில் பேசி முடிக்கும் குடும்பத்தார் மக்ரீஸீயைப் படிக்காமலே அன்னாரின் பாடத்தைக் கற்றவர்கள். பள்ளிவாசல் இமாமுக்கும் மதரஸா உஸ்தாதுக்கும் என்றோ முடிவு செய்த ஊதியத்தை, 'ஒரு ரூபாயும் குறைக்கவில்லையே' என்று காலந்தோறும் நீட்டித்துச் செல்லும் நிர்வாகங்கள், அந்த 100 திர்ஹத்தின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். அளவையில் குறைப்போரைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே அருளியுள்ளான் அல்லாஹ். படியைச் சிறிதாக்குவதும் அளவுக் குறைவே. படியின் பெயரை வைத்துக்கொண்டு அதன் உள்ளளவு சுருங்கியதைக் காணாதிருப்பதும் அதனின் வேறன்று. ஊதியத்தைக் காலத்திற்கேற்ப உயர்த்தித் தருவது தருமமன்று, அதுவே நாணயம்.